கில்கிறைஸ்ட் டாக்டரின் மோசமான தையல்

மர்டோ கில்கிறைஸ்ட் டாக்டரை அடக்கம் செய்த அன்றைக்கு சர்ச்சில் நிற்கக்கூட இடமில்லை. கிளாஸ்கோவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட டாக்டர்மார் முன்வரிசையில், அவர் தைத்துவிட்ட முகங்கள் எல்லாம் பின்வரிசையில். அதுதானே உலக வழக்கம்! ஒருத்தர் மாற்றி ஒருத்தர் மேடையேறி "பொன்னான கை, பொன்னான கை" என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். அந்தக் கைக்குக் காலமெல்லாம் கத்தரிக்கோலும் நூலும் எடுத்துக் கொடுத்தவள் நான். ரீட்டா டோகர்ட்டி, பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு சிஸ்டர். அந்தக் கையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அத்தனை பேச்சிலும் டேரல் லாஃபர்டி என்ற பேரை ஒருத்தராவது எடுக்க வேண்டுமே? மூச்! செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமாம். அந்த நாகரிகம் எனக்கு வராது. உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத்தான் குடல்புண் வரும்.

டாக்டர் ஒன்றும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. அப்பா கப்பல் கட்டும் துறையில் வெல்டர். மகன் படித்து முடித்து, முகம் தைக்கும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் அந்த மனுஷர் சொன்னாராம்: "நான் இரும்பை ஒட்டுறேன், நீ தோலை ஒட்டப் போற. வேலை ஒண்ணுதான்டா, சம்பளம்தான் வேற." இதை டாக்டரே வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் வார்டுக்குச் சோறு போட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ரவுடிகள் முகத்தைக் கிழிக்கிற சவரக்கத்தி, இன்னொன்று சிப்ஸ் சட்டி. சனிக்கிழமை ஒருத்தன் பப்பிலிருந்து குடித்துவிட்டுப் பசியோடு வருவான். சிப்ஸ் பொரிக்கிற கொழுப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்வான், அப்படியே குறட்டை. விழித்துப் பார்த்தால் சட்டி தீப்பற்றி எரியும். அடுப்பை அணைத்து ஈரத்துணியைப் பிழிந்து மேலே போட்டால் தீர்ந்தது விஷயம். கேட்பார்களா? ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று: எரிகிற சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது. கதவைத் திறந்ததும் எங்கள் ஊர்க் காற்று சும்மா இருக்குமா, அத்தனை நெருப்பையும் முகத்துக்கே திருப்பி அடிக்கும். கட்டுப் பிரிக்கும்போது டாக்டர் சத்தம் போடுவார்: "சட்டியத் தூக்கிட்டு எங்கடா கிளம்புன, கல்யாண ஊர்வலமா?" வலியில் துடிக்கிறவனும் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பில்தான் நான் கட்டை உருவி எடுப்பேன்.

லண்டனில் பெரிய இடத்தில் கூப்பிட்டார்கள், நடிகைகளுக்கு மூக்குத் திருத்த. போனார். ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை, திரும்பி வந்து நின்றார். "என்ன டாக்டர், அங்க மூக்கு சரியில்லையா?" என்று கேட்டேன். "மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு ரீட்டா. பாக்கறவங்க கண்ணுதான் சரியில்ல" என்றார்.

பாடம் சொல்லிக் கொடுக்கிற விதமும் அவருக்கு மட்டுமே உரியது. துணிக்கு இழை ஓட்டம் இருக்கிற மாதிரி முகத்துத் தோலுக்கும் ஒரு ஓட்டம் உண்டு. அதை அனுசரித்துத் தைத்தால் தழும்பு சுருக்கத்தோடு சுருக்கமாக ஒளிந்துகொள்ளும். அதைப் படிக்க வருகிற பிள்ளைகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தங்கள் முகத்திலேயே நீல மையால் அந்தக் கோடுகளை வரைய வேண்டும். வரைந்தால் போதாது. அழிக்காமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டும். "எல்லாரும் உன் மூஞ்சியவே பாக்குற பஸ்ல ஒரு தடவ போய் வா. அதுக்கப்புறம் ஊசியத் தொடு" என்பார். எடின்பரோவில் இருந்து வந்த ஒரு சீமான் வீட்டுப் பெண், பஸ்ஸை விட்டு டாக்ஸியில் போனது தெரிந்து டாக்டர் அவளுக்கு ஒரு மாதம் ஊசியைக் கண்ணில் காட்டவில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வெட்டுப்பட்டு வருகிறவனிடம் யார் வெட்டியது, ஏன் வெட்டியது என்று அவர் வார்டில் யாரும் கேட்கக்கூடாது. ஆரம்ப நாளில் ஒரு மாணவன் ஊசி போட்டுக்கொண்டே வாயைக் கொடுத்து விசாரித்திருக்கிறான். படுத்திருந்தவன் பாதித் தையலில் எழுந்து, கன்னம் தொங்கத் தொங்க வெளியே போய்விட்டான். அன்றையிலிருந்து அது வேதவாக்கு. "கேக்கறதுக்கு போலீஸ் இருக்கு, பாவமன்னிப்புக்குப் பாதிரியார் இருக்காரு. நம்ம வேலை தோலு. தோலை மட்டும் பாரு." சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு சட்டத்துக்காகவே ஊரில் இருக்கிற போக்கிரிப் பயல்கள் எல்லாம் அவரை நம்பினார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

பிறகுதான் சனிக்கிழமை தர்ம வைத்தியம் வந்தது. ஏழைகள் நெருங்கி வாழ்கிற எங்கள் ஈஸ்ட் எண்டில் ஒரு பழைய டாக்டர் வீட்டு மாடியைக் கேட்டு வாங்கி, மரத்துப்போகிற ஊசி போட்டே பழைய தழும்புகளைத் திருத்திவிடுவார். காசு கிடையாது. கடை வேலைக்குப் போனால் "உன் மூஞ்சியப் பாத்தா கஸ்டமர் ஓடிடுவான்" என்று திருப்பி அனுப்பப்பட்ட பயல்கள், நாய் கடித்த பிள்ளைகள், சிப்ஸ் சட்டிப் பெண்கள். காலையிலேயே படிக்கட்டு நிறைந்துவிடும். நான் டீயும் ரொட்டியும் கொடுத்து வரிசையைக் கட்டுவேன்.

அந்தப் படிக்கட்டில்தான் டேரல் லாஃபர்டி வந்து உட்கார்ந்தான். இருபத்தாறு வயசு. ரொட்டிக் கம்பெனியில் விடியற்காலை லாரியில் தட்டு ஏற்றுகிற வேலை. வாய் ஓரத்தில் தொடங்கி காது வரைக்கும், கயிறு வைத்து ஒட்டியது போலத் தடித்த ஒரு தழும்பு. பக்கத்தில் ஐந்து வயசு மகள், மெய்சி. பெண்டாட்டியோடு சேர்ந்து வாழவில்லை, ஆனால் பிள்ளையை மத்தியானம் ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது அவன் பங்கு.

"எதுக்குத் தம்பி எடுக்கணும்ங்கற? வேலை இருக்கில்ல?" என்றார் டாக்டர்.

"வேலைக்கு இல்ல டாக்டர். ஸ்கூல் கேட்டுக்கு." அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னான். "நான் போய் நின்னா மத்த அம்மாமாரெல்லாம் பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுறாங்க. மெய்சியை ஒரு பர்த்டேக்குக்கூட யாரும் கூப்பிடல. அவளுக்கு இன்னும் விவரம் தெரியல. அப்பா மூஞ்சின்னா இப்படித்தான்னு நெனச்சுட்டிருக்கா. அடுத்த வருஷம் எவனாவது சொல்லிடுவான்ல?"

யார்ப்பா இப்படிப் பண்ணது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு தடவையாகச் செய்தார். பழைய தழும்பை வெட்டி எடுத்து, கோணல் கோணலாகச் சின்னச் சின்ன வெட்டாக மாற்றி, தலைமுடியைவிட மெல்லிய நூலில் தைத்தார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பிளாஸ்திரி, களிம்பு, தேய்ப்பு. அடுத்த கோடையில் டேரல் மாடியேறி வந்தபோது, கடவுளே, எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. "யாருப்பா வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கண்ணெல்லாம் தண்ணீர். ஒரு பர்த்டேக்கு மெய்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள், கேக்கைக்கூடத் துணியில் சுற்றி எனக்குக் கொண்டுவந்திருந்தான்.

அந்தச் சமாச்சாரம் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. டாக்டருக்கு ஒரு சபலம் உண்டு. நகை போடமாட்டார், கார் ஓட்டை, வீட்டில் சோபா கிழிசல். ஆனால் தன் வேலையைத் தானே பார்த்து ரசிக்கிற சபலம் மட்டும் போகவே இல்லை. தர்ம வைத்தியத்துக்கு நிதி திரட்ட ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். கில்ட் பாவாடை கட்டிய கனவான்கள், முதுகு தெரிய உடுத்திய சீமாட்டிகள். டாக்டர் டேரலைக் கூப்பிட்டார். அவனுக்கு மறுக்க மனசு வருமா? வாடகைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். டாக்டர் அவனை விளக்குக்குக் கீழே நிறுத்தி, சபையைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பையனுக்குத் தழும்பு எந்தக் கன்னத்துல இருந்துச்சு? யாராவது சொல்லுங்க பாப்போம்!"

இடது என்றது ஒரு மேசை. வலது என்றது இன்னொரு மேசை. ஒருத்தி கிட்டே வந்து மூக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒரே கைதட்டல். மறுநாள் பேப்பரில் வைத்தியத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு படம், கீழே கொட்டை எழுத்தில் "எந்தப் பக்கம்? யாருக்கும் தெரியவில்லை!" அதை வெட்டி மாடிச் சுவரில் ஒட்டியதும் டாக்டர்தான்.

அதே வாரம், மத்தியானம் மூன்று மணி, பட்டப்பகல். ஸ்கூல் கேட்டில் மெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற டேரலிடம் ஒருத்தன் நடந்து வந்தான். ஓடிவரக்கூட இல்லை, நடந்து வந்தான். "எந்தப் பக்கம்னு யாருக்குமே தெரியலையாமே? நான் காட்டுறேன்" என்று சொல்லி, பழைய இடத்திலேயே கத்தியை வைத்து இழுத்துவிட்டுப் போய்விட்டான். அத்தனை அம்மாமார் நின்றார்களே, போலீஸ் வந்து கேட்டபோது ஒருத்தி கண்ணிலும் ஒன்றும் படவில்லையாம். நாசமாய்ப் போக!

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பழைய வெட்டைவிட ஆழம், முகத்து நரம்பும் அறுந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகச் சரிந்து எச்சில் வழிந்தது. டாக்டர் ஓடி வந்தார். பஞ்சை எடுத்துப் பார்த்தார். பிறகு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"யாருப்பா? ஏன்?"

டேரல் குழறிக் குழறிச் சொன்னான். நான் குனிந்து காதைக் கொடுத்துத்தான் புரிந்துகொண்டேன். பதினெட்டு வயசில் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன் ஒரு பையனைக் கத்தியால் குத்தியதைப் பார்த்திருக்கிறான். கோர்ட்டில் கூண்டேறிக் குத்தினவன் பேரைச் சொல்லியிருக்கிறான். உள்ளே போனவனுடைய கூட்டம் அதே குடியிருப்பில், இரண்டு தெரு தள்ளி. டேரலைக் கொன்றுவிடுவதாக இருந்தார்கள். அவன் மாமா போய்க் காலில் விழாத குறையாகப் பேசி, ஒரு வெட்டோடு முடித்து வைத்தார். முகத்தில் அடையாளம் இருக்கிறவரை அவன் அதே தெருவில் நடக்கலாம், யாரும் தொடமாட்டார்கள். தண்டனை வாங்கியாச்சு என்பதற்கு அந்தத் தழும்புதான் சாட்சி.

"எட்டு வருஷம் ஆச்சேன்னு நெனச்சேன் டாக்டர். மறந்திருப்பாங்கன்னு நெனச்சேன். பேப்பரைப் பாத்துட்டு, நாங்க போட்டதை அழிச்சுட்டு ஊரைக் கூட்டிக் கைதட்டல் வேற வாங்குறியான்னு கேட்டு ஆளனுப்பிச்சாங்க."

"எங்கிட்ட ஏன்டா முன்னாடியே சொல்லல?" டாக்டர் கத்தினார்.

"நீங்க கேக்கலையே."

குத்திக் காட்டவில்லை அவன். உள்ளதைச் சொன்னான், அவ்வளவுதான். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி. நான் சரி பண்றேன்" என்றார். "முன்னாடியவிட நல்லா பண்றேன். நீ இங்க இருக்க வேண்டாம். என் தங்கச்சி அபர்டீன்ல இருக்கா, வேலை பாத்துத் தரச் சொல்றேன்."

"மெய்சி இங்கதான் டாக்டர் இருக்கா. அவங்கம்மா வேற ஊருக்கு விடமாட்டா." டேரல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நரம்பைத் தைச்சுக் கொடுங்க, வாய் மூடணும். ஆனா மேல தோலை நல்லாத் தைச்சுடாதீங்க. தெரியணும். எதிர்ப் பிளாட்பாரத்துல நின்னு பாத்தாலும் தெரியணும்."

"முடியாது."

"டாக்டர்..."

"முடியாதுடா! அதுக்கு வேற ஆளைப் பாரு. கசாப்புக்காரனைக் கூப்பிடு!"

"வேற யாரு பண்ணாலும் நீங்க திரும்பச் சரி பண்ணிடுவீங்கன்னு நெனைப்பாங்க" என்றான் டேரல். "நீங்கதான் பண்ணதுன்னு நான் போய்ச் சொல்லணும். அப்பதான் விடுவாங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் என்ன சொல்வேன்? கத்தி எடுத்தவன்மேல், கை தட்டினவர்கள்மேல், இதோ தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷர்மேல். என் வாயைக் கட்டின அந்தச் சட்டத்தின்மேலும்தான். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பானே அந்தப் பிள்ளை! ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது, அவன் கன்னம் திறந்து கிடக்கிறது.

மைக்ராஸ்கோப்பை வைத்து நரம்பைத் தேடிப் பிடித்துத் தைத்தார். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பொழுது சாய்கிறவரை குனிந்த தலை நிமிரவில்லை. பயிற்சிப் பிள்ளைகள் நாலு பேர் பின்னால் நின்று மூச்சு விடாமல் பார்த்தார்கள். நரம்பு முடிந்து தோலுக்கு வந்தார்.

"ரீட்டா, தடிச்ச கறுப்பு நூல் கொடு."

நான் எடுக்கவில்லை. முகத்துக்கு யாரும் அதைப் போடமாட்டார்கள், காலிலோ வயிற்றிலோ போடுகிற நூல் அது.

"கொடும்மா" என்றார், ரொம்ப மெதுவாக.

கொடுத்தேன். அவர் கை கேட்கவில்லை. முதல் தையல் தன் பழக்கத்துக்கு ஓரத்தோடு ஓரமாக, கச்சிதமாக விழுந்தது. வெட்டி எடுத்தார். இரண்டாவதும் அப்படியே விழுந்தது. அதையும் வெட்டினார். மூன்றாவது தடவை வெட்டுவாயிலிருந்து தள்ளி, அகலமாக ஊசியைக் குத்தி, தோல் மேடாகப் பிதுங்கி நிற்கும்படி இறுக்கினார். அதற்கப்புறம் அடுத்தது, அதற்கப்புறம் அடுத்தது. பின்னால் நின்ற ஒரு பெண் தாங்கமாட்டாமல், "டாக்டர், அந்த நூல்..." என்று ஆரம்பித்தாள்.

"வெளிய போங்க. எல்லாரும்."

போனார்கள். மிச்சத் தையலுக்கு நூலை வெட்டிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான்.

முகத்துத் தையலை அஞ்சாம் நாள் எடுத்துவிட வேண்டும். விட்டால் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடு விழுந்து ஜென்மத்துக்கும் போகாது. டாக்டர் இரண்டு வாரம் விட்டார். அந்த இரண்டு வாரமும் சனிக்கிழமை மாடி பூட்டியே கிடந்தது. பிறகு திறக்கவே இல்லை. கேட்கிறவர்களிடம் கண் பார்வை போதவில்லை என்று சொன்னார். பேப்பர்க்காரர்கள் அதையும் நம்பி எழுதினார்கள்.

தையல் எடுத்த அன்றைக்கு மத்தியானம் வார்டில் கூட்டமில்லை. நான் ஒவ்வொன்றாக வெட்டி உருவினேன். மெய்சியை அவள் அம்மாவிடம் விட்டிருந்ததாகச் சொன்னான் டேரல், இந்த இரண்டு வாரமும் அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடி கேட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். விரலை வைத்துத் தடவினான். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனான்.

"டாக்டர், ஒரு உதவி. அந்தக் கடைசில போய் நின்னு பாருங்க."

எழுபதை நெருங்கிய மனுஷர், தையலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர், அந்த நீள வராந்தாவில் கதவு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி நின்றார்.

"தெரியுதா?" டேரல் கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.

"தெரியுது."

"நல்லாவா?"

டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத் தெரியுதுப்பா."

டேரல் பெரிய மூச்சாக விட்டான். தோளெல்லாம் இறங்கிவிட்டது. "ரொம்ப நன்றி டாக்டர்" என்றான், நிஜமான நன்றியோடு. கோட்டை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "மணி என்ன சிஸ்டர்? மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடுவாங்க, நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றான்.